பழைய கார்னி கெக் வாங்கும்முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

வீட்டில் பீர் தயாரிக்கும் பலரும் பாட்டில் பாட்டிலாகக் கழுவி அடைத்துச் சலித்தபின் கார்னி கெக்கைத்தான் தேடுவார்கள். 5 கேலன், அதாவது சுமார் 19 லிட்டர் பிடிக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உருளை அது. அமெரிக்காவில் குளிர்பான சிரப்பைக் கடைகளுக்குக் கொண்டுபோகச் செய்யப்பட்டது. சிரப் அட்டைப்பெட்டிக்குள் பையாக வரத் தொடங்கியதும் இவை கழித்துக்கட்டப்பட்டு வீட்டு பீர்க்காரர்கள் கைக்கு வந்தன. ஆகவே விற்பனைக்கு வரும் பல கெக்குகள் ரொம்பப் பழையவை. வயதைக் கண்டு பயப்பட வேண்டாம். ரப்பர் கெட்டிருந்தால் மாற்றலாம். மாற்ற முடியாதது ஸ்டீல்தான். பார்வையை அதில் வையுங்கள்.

போகும்போது ஒரு டார்ச், ஸ்குரூடிரைவர், ஸ்பிரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் ரெகுலேட்டரும் இருந்தால் அதையும் வண்டியில் ஏற்றிவிடுங்கள்.

1. எந்த வகை?

குழாய் மாட்டும் விதத்தை வைத்து கெக்கில் இரண்டு வகை. பெப்சி பயன்படுத்தியது பால் லாக் (ball lock), கோகோ கோலா பயன்படுத்தியது பின் லாக் (pin lock). பின் லாக் கெக் கொஞ்சம் குட்டை, கொஞ்சம் பருமன். அதில் கேஸ் போகும் போஸ்ட்டில் (போஸ்ட் என்பது கெக்கின் மேலே குழாய் மாட்டும் முனை) 2 பின், பீர் வரும் போஸ்ட்டில் 3 பின் இருக்கும். ஒன்றின் கனெக்டர் மற்றதில் சேராது. முதல் கெக் எதுவோ, அடுத்தடுத்தும் அதே வகையாக வாங்குவது நல்லது.

பார்களில் இருக்கும் 15.5 கேலன் பெரிய கெக்கை யாராவது மலிவாகத் தந்தால் தொடாதீர்கள். அது பெரும்பாலும் மதுபான ஆலையின் சொத்து. கடையில் கட்டும் டெபாசிட் அதன் விலை ஆகாது.

2. உள்ளே அழுத்தம் இருக்கிறதா?

மூடியைத் தொடும் முன் இதைப் பாருங்கள். பால் லாக் மூடியில் பெரும்பாலும் வளையம் வைத்த ஒரு வால்வு இருக்கும். வளையத்தை இழுத்தால் கேஸ் வெளியேறும். பின் லாக் மூடிகள் பலவற்றில் அது கிடையாது. முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, கேஸ் போஸ்ட்டின் நடுவிலுள்ள பாப்பெட் என்ற சின்ன ஸ்பிரிங் வால்வை ஸ்குரூடிரைவரால் மெல்ல அழுத்துங்கள். அழுத்தம் இருக்கும்போது மூடியைத் தட்டித் திறக்க முயலவே கூடாது. ஆனால் ஒன்று, பழைய அழுத்தம் இன்னும் நிற்கிறது என்றால் அந்தக் கெக் கசியவில்லை. நல்ல சகுனம்தான்.

3. வாய் விளிம்பு

என்னைக் கேட்டால், நேரத்தில் பாதியை இங்கேயே செலவிடலாம். கெக்கின் மூடி நீள்வட்டமானது. உள்ளே நுழைத்துத் திருப்பி மேல்நோக்கி இழுத்து மாட்டுவோம். உள்ளிருக்கும் கேஸ் மூடியை விளிம்பின் அடிப்பக்கத்தோடு அழுத்தித்தான் அடைப்பு உண்டாகிறது. ஆகவே அந்த அடிப்பக்கத்தில் விரலை வைத்து ஒரு சுற்று மெதுவாக ஓட்டுங்கள். நெளிவோ வெட்டோ தட்டுப்பட்டால் விட்டுவிடுங்கள். உடம்பில் உள்ள சின்னச் சின்ன நசுங்கல் பீரை ஒன்றும் செய்யாது. விற்பவர்கள் அதைக் காட்டி விலை குறைத்தால் உங்களுக்கு லாபம்.

4. உட்புறம்

டார்ச் அடித்து அடித்தட்டையும் வெல்டிங் கோட்டையும் பாருங்கள். பழுப்புக் கறை தேய்த்தால் போகும். ஊசி குத்தியதுபோல் குழி இருந்தால் வேண்டாம். பிளீச் ஊற்றி ஊறவைத்த கெக்குகளில் அப்படிக் குழி விழும். ரூட் பீர் என்ற குளிர்பானத்தின் வாசனை மூக்கைத் துளைக்கிறதா? அது ரப்பரில் ஏறிய வாசனை, ஸ்டீலில் அல்ல. கவலை வேண்டாம்.

5. போஸ்ட்டும் குழாயும்

போஸ்ட்டைக் கழற்றி மரை தேயாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கெக் செய்த கம்பெனியைப் பொறுத்து மரை அளவு மாறும். கண்ட போஸ்ட்டும் பொருந்தாது. அதோடு, அடியிலிருந்து பீரை மேலே கொண்டுவரும் நீளமான டிப் டியூப் உள்ளே இருக்கிறதா என்றும் பாருங்கள். கேஸ் பக்கத்தில் இருப்பது குட்டை டியூப்.

6. கசிவு

மூடியைப் பூட்டி, ரெகுலேட்டரில் அழுத்தம் 30 பி.எஸ்.ஐ. (psi) காட்டும் வரை கேஸ் ஏற்றுங்கள். குறைந்த அழுத்தத்தில் நல்ல கெக்கும் மூடியோரம் கசியலாம். சோப்புத் தண்ணீரை மூடி, போஸ்ட், வால்வு எல்லாவற்றிலும் அடியுங்கள். குமிழி வந்தால் கேஸை விட்டுவிட்டு மூடியைத் திருப்பிப் போட்டு மறுபடி பாருங்கள். ரப்பர் கசிவுக்குப் பேரம் பேசலாம். வெல்டிங்கில் குமிழி வந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

சரி, வாங்கியாயிற்று. வீட்டுக்கு வந்ததும் மூடிக்கு 1, போஸ்ட்டுகளுக்கு 2, டியூப்களுக்கு 2 என்று 5 ஓ-ரிங்கையும் (ரப்பர் வளையம்) புதிதாக மாற்றி, உணவுக்கேற்ற சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவி, மறுபடி கேஸ் ஏற்றி ஒரு நாள் வைத்துப் பாருங்கள். அப்புறம் பீரை ஊற்றலாம்.