ஒப்புதல் படிவத்தில் இரண்டு வரி: நெதர்லாந்தில் திறந்த அறிவியல் சறுக்கும் இடங்கள்

கோப்புக்கு ஒழுங்காகப் பெயர் வையுங்கள், மூன்று இடத்தில் நகல் வையுங்கள், கடவுச்சொல்லைத் தாளில் எழுதி ஒட்டாதீர்கள் என்பதெல்லாம் முதல் வாரப் பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடலாம். திறந்த அறிவியலில், அதாவது ஆய்வுத் தரவையும் கட்டுரையையும் பிறருக்குத் திறந்து வைப்பதில், நெதர்லாந்துப் பல்கலைக்கழகங்களில் புதிதாகச் சேரும் முனைவர் பட்ட ஆய்வாளர்கள் விழுகிற குழிகள் வேறு. போன ஆண்டு வந்தவர் விழுந்த அதே குழி. அதற்கு முந்தைய ஆண்டு வந்தவர் விழுந்ததும் அதே. இவற்றில் பல, முதல் சில மாதங்களில் யாரும் கவனிக்காத ஏதோ ஒரு படிவத்தில் நடந்து முடிந்துவிடும். நான்காம் ஆண்டில், ஆய்வேடு முடியப்போகும் நேரத்தில்தான் தெரியவரும்.

"ஆய்வு முடிந்ததும் அழித்துவிடுவோம்"

நேர்காணல், கருத்துக்கணிப்பு, உளவியல் சோதனை என்று மனிதர்களிடம் தரவு திரட்டுகிறவர்கள் முதலில் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அந்தப் படிவத்தில் இப்படி இரண்டு வரி இருக்கும்: "உங்கள் தகவல்களை எங்கள் ஆய்வுக் குழு மட்டுமே பார்க்கும். ஆய்வு முடிந்ததும் அவை அழிக்கப்படும்." படிக்க நல்ல மனசாகத்தான் தெரிகிறது. ஆனால் திறந்த அறிவியலில் இவ்வளவு நட்டம் வைக்கும் இரண்டு வரி வேறில்லை.

இவை எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால், அநேகமாக அதே குழுவில் முன்பு இருந்த யாரோ பயன்படுத்திய பழைய படிவத்திலிருந்து. அவரும் இன்னொருவரிடமிருந்து எடுத்திருப்பார். தரவைப் பகிர்வது யார் கனவிலும் இல்லாத காலத்து வாசகம் அது. அறவியல் குழுவும் அதைப் படித்துத் தடை சொல்லியிருக்காது. பங்கேற்பாளரைக் காப்பது போலத்தானே இருக்கிறது.

அதே ஆய்வாளர் இன்னொரு தாளும் எழுதுகிறார். நாட்டின் ஆய்வு நிதி நிறுவனமான என்டபிள்யூஓ பணம் தந்தால், நிதி உறுதியான 4 மாதத்துக்குள் தரவு மேலாண்மைத் திட்டம் தர வேண்டும். அதில் "தரவுகள் தி ஹேக் நகரத்து டான்ஸ் களஞ்சியத்தில் வைக்கப்படும், பிறர் மறுபயன்பாட்டுக்குக் கிடைக்கும்" என்று எழுதுவார். ஒரு தாளில் அழிப்பேன், இன்னொரு தாளில் வைத்துக் கொடுப்பேன். இரண்டிலும் ஒரே கையெழுத்து. எரிச்சல் வருவது இங்கேதான்: இரண்டையும் பக்கத்தில் வைத்து ஐந்து நிமிடம் படித்திருந்தால் போதும்.

சிக்கல் பகிர்வதோடு நிற்பதில்லை. 2018 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கும் நெதர்லாந்து ஆய்வு நேர்மை நெறிமுறை, மூலத் தரவையும் செயலாக்கிய தரவையும் அந்தத் துறைக்கேற்ற காலம்வரை பாதுகாக்கச் சொல்கிறது. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அதைக் குறைந்தது 10 ஆண்டு என்று வைத்திருக்கின்றன. இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 2011இல் டில்பர்க் பல்கலைக்கழகத்தின் சமூக உளவியல் பேராசிரியர் டீடெரிக் ஸ்டாபெல் தரவுகளை இட்டுக்கட்டியது அம்பலமானது; சந்தேகப்பட்டு முறையிட்டவர்கள் மூன்று இளம் ஆய்வாளர்கள். 2012 நவம்பரில் வந்த இறுதி அறிக்கை 55 கட்டுரைகளில் மோசடியை உறுதி செய்ததோடு, மூலத் தரவைக் காப்பகப்படுத்தும் பழக்கம் அந்த வட்டாரத்தில் எவ்வளவு தளர்ந்திருந்தது என்பதையும் சுட்டியது. அழித்துவிட்ட தரவை எவராலும் சரிபார்க்க முடியாது. பங்கேற்பாளரிடம் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினால் நெறிமுறை மீறல். நெறிமுறையைக் காப்பாற்றினால் வாக்கு மீறல்.

சட்டத்தில் வழி இருக்கிறதே என்று சிலர் வாதாடுவார்கள். ஐரோப்பியப் பொதுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, தக்க பாதுகாப்புகளோடு நடக்கும் அறிவியல் ஆய்வை முதல் நோக்கத்துக்கு முரணானதாகக் கருதுவதில்லை, அது உண்மை. ஆனால் "வேறு யாரும் பார்க்கமாட்டார்கள்" என்று எழுத்தில் கொடுத்துவிட்ட பிறகு அந்தப் பிரிவைக் காட்டினால் எந்தத் தனியுரிமை அலுவலரும் ஒத்துக்கொள்ளமாட்டார். அதே சட்டம்தானே வெளிப்படையாகவும் நேர்மையாகவும் நடந்துகொள்ளச் சொல்கிறது.

சரியாக எழுதுவது கடினமில்லை. ஒன்றாகக் குழைத்துவிட்ட மூன்று விஷயங்களைப் பிரிக்க வேண்டும். முதலாவது, பெயர், முகவரி, தொலைபேசி எண் போன்ற அடையாள விவரம்: இதைத் தனிக் கோப்பில், குறியாக்கம் செய்து, ஆய்வுத் தரவு இருக்கும் இடத்தில் வைக்காமல் வேறிடத்தில் வைப்போம், இன்ன தேதியில் அழிப்போம். அழிப்பதாக வாக்குக் கொடுக்கலாம் என்றால் இதற்கு மட்டும்தான். இரண்டாவது, அடையாளம் நீக்கிய ஆய்வுத் தரவு: குறைந்தது 10 ஆண்டு இருக்கும். மூன்றாவது, பகிர்வு: எந்த மாதிரிக் களஞ்சியத்தில், யார் கேட்டால், எந்த நிபந்தனையில் தருவோம்.

இவற்றுக்குத் தனித்தனிப் பெட்டி போடுங்கள். பங்கேற்க ஒரு குறி, ஒலிப்பதிவுக்கு ஒரு குறி, சொன்னதை மேற்கோள் காட்ட ஒரு குறி, அடையாளம் நீக்கிய தரவைப் பிற ஆய்வாளருக்குத் தர ஒரு குறி. எல்லாவற்றுக்கும் ஒரே கையெழுத்து என்றால், பகிர விரும்பாதவர் பங்கேற்காமலே போய்விடுவார். விலகுவதற்கான கடைசித் தேதியையும் எழுதுங்கள். அடையாளக் கோப்பு அழிந்தபின் ஒருவர் விலகக் கேட்டால், அவருடைய வரி எது என்று உங்களுக்கே தெரியாது. 16 வயது நிறையாதவர் என்றால் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும். அறவியல் குழுவுக்கு அனுப்பும் முன் படிவத்தைத் தரவுப் பொறுப்பாளரிடம் காட்டுங்கள். டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு புலத்துக்கும் இப்படி ஒருவர் இருக்கிறார். அறவியல் குழு பார்த்தபின் காட்டுவதில் பயனில்லை, படிவத்தைத் திருத்தினால் மறுபடி அந்த வரிசையில் நிற்க வேண்டும்.

ஏற்கெனவே கையெழுத்து வாங்கியாகிவிட்டதா? பங்கேற்பாளர்களுக்கு மறுபடி எழுதி ஒப்புதல் கேட்கலாம். பதில் வராவிட்டால் அது சம்மதம் ஆகாது. பதில் தருபவர்கள் மட்டும் மிஞ்சுவதால் மாதிரியும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும், அதைக் கட்டுரையில் சொல்லியே ஆக வேண்டும். இல்லையென்றால் தரவைப் பூட்டி வைத்து, அது எதைப் பற்றியது என்று சொல்லும் விவரக் குறிப்பை மட்டும் டிஓஐ என்ற நிலையான இணைய அடையாள எண்ணோடு வெளியிடுங்கள். கேள்விப் பட்டியல், மாறிகளின் விளக்கம், பகுப்பாய்வு நிரல் ஆகியவற்றை முழுதாகத் தரலாம். உண்மைத் தரவின் சாயலில் செயற்கைத் தரவு உருவாக்கிச் சேர்த்தால் நிரல் ஓடுகிறதா என்று பிறர் பார்க்கலாம். உங்கள் முடிவு சரியா என்பதை அதைக்கொண்டு சொல்ல முடியாது.

பெயரை எடுத்துவிட்டேன், போதாதா?

போதாது. நெதர்லாந்து அஞ்சல் குறியீடு நான்கு எண், இரண்டு எழுத்து. முழுக் குறியீடும் ஒரு தெருத் துண்டைக் காட்டிவிடும், சராசரியாக இருபது வீட்டுக்கும் குறைவு. அதோடு வீட்டு எண் சேர்ந்தால் ஒரே முகவரிதான். இரண்டு எழுத்தையும் வெட்டி நான்கு எண்ணை மட்டும் வைத்தாலும், பிறந்த தேதி, தொழில், பிறந்த நாடு சேரும்போது சிற்றூர்களில் ஆள் யாரென்று தெரிந்துவிடும். பிறந்த தேதியை ஐந்தாண்டு வயதுப் பிரிவாக்குங்கள், அஞ்சல் குறியீட்டை மாகாணமாக்குங்கள், ஐந்து பேருக்கும் குறைவாகப் பொருந்தும் விவரக் கூட்டு எதுவும் மிஞ்சுகிறதா என்று எண்ணிப் பாருங்கள். பெயருக்குப் பதில் எண் கொடுத்து, எந்த எண் யாருக்கு என்ற பட்டியலையும் வைத்திருந்தால், சட்டத்தின் கண்ணில் அது இன்னும் தனிநபர் தரவே.

இன்னொன்று. தரவு ஃபேர் (FAIR) என்ற கோட்பாட்டுக்கேற்ப இருக்க வேண்டும் என்றால் அது எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று பலர் நினைத்துப் பயப்படுகிறார்கள். 2014இல் லெய்டன் நகரத்து லோரென்ட்ஸ் மையக் கூட்டத்தில் முளைத்து 2016இல் கட்டுரையாக வந்த அந்தக் கோட்பாடு கேட்பது, தரவைக் கண்டுபிடிக்க முடிய வேண்டும், எப்படி அணுகுவது என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும், பிற தரவோடு இணைக்கவும் மறுபடி பயன்படுத்தவும் முடிய வேண்டும் என்பவைதாம். பூட்டிய தரவும் ஃபேர் ஆக இருக்கலாம்.

"பதிப்பகத்திடம் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டேனே"

கொடுத்திருந்தாலும் பரவாயில்லை. நெதர்லாந்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 25எஃப்ஏ பிரிவு 2015 ஜூலை 1 முதல் இருக்கிறது. அதைக் கொண்டுவந்த நாடாளுமன்ற உறுப்பினர் யோஸ்ட் டாவர்னேயின் பெயரால் டாவர்னே திருத்தம் என்பார்கள். முழுதாகவோ பகுதியாகவோ நாட்டின் பொதுப்பணத்தில் நடந்த ஆய்வின் குறுகிய அறிவியல் படைப்பை, நியாயமான காலம் கழித்து, முதலில் வெளியான இடத்தைக் குறிப்பிட்டு, இலவசமாகப் பொதுவில் வைக்க ஆசிரியருக்கு உரிமை உண்டு. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் இந்த உரிமை போகாது. நியாயமான காலத்தைப் பல்கலைக்கழகங்கள் 6 மாதம் என்று வைத்துக்கொண்டன. பதிப்பகம் அச்சுக்கோத்த இறுதி வடிவத்தையே களஞ்சியத்தில் ஏற்றலாம்.

பிசகுவது நான்கு இடங்களில். ஆறு மாதத்தை இதழ் எண்ணும் மாதமும் போட்டு வரும் நாளிலிருந்து கணக்கிடுகிறார்கள். இணையத்தில் முதலில் வந்த நாளே கணக்கு. முழுப் புத்தகத்துக்கும் செல்லும் என்று நினைக்கிறார்கள். கட்டுரைக்கும் தொகுப்பு நூலில் வரும் அத்தியாயத்துக்கும்தான். பிடிஎஃபில் தாங்களே கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற மறுபயன்பாட்டு உரிம முத்திரை குத்திவிடுகிறார்கள். இந்தப் பிரிவு படிக்கக் கொடுக்கிறதே தவிர, மறுபயன்பாட்டு உரிமம் எதையும் தருவதில்லை. நான்காவதுதான் பெரிது: 2021 ஜனவரி 1க்குப் பின் அறிவித்த என்டபிள்யூஓ நிதியில் செய்த ஆய்வுக்கு ஆறு மாதக் காத்திருப்பே கிடையாது. வெளியான நாளிலேயே திறந்திருக்க வேண்டும். பொதுவாக, ஆசிரியர் பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்த விடும் சிசி பை உரிமத்தோடு. டாவர்னே இருக்கிறதே என்று மூடிய இதழில் போட்டுவிட்டு வந்தால் நிபந்தனை உடைந்துபோகும். தப்பிக்க ஒரு வழி, ஏற்கப்பட்ட கையெழுத்துப் படியைத் தாமதமின்றிக் களஞ்சியத்தில் ஏற்றுவது. அதற்கு உரிமையைத் தக்கவைக்கும் வாசகத்தைக் கட்டுரை அனுப்பும்போதே சேர்த்திருக்க வேண்டும்.

தொடர்பு ஆசிரியர் யார்?

பதிப்பகங்களோடு பல்கலைக்கழகங்கள் போட்டிருக்கும் ஒப்பந்தங்களில் வெளியீட்டுக் கட்டணம் தள்ளுபடியாவது, தொடர்பு ஆசிரியர் (கட்டுரை பற்றி இதழோடு தொடர்பில் இருப்பவர்) நெதர்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவராக இருந்தால்தான். மரியாதைக்காக வெளிநாட்டு மூத்தவரின் பெயரை அங்கே போட்டால் சில ஆயிரம் யூரோ கட்டணச் சீட்டு வந்து நிற்கும். கட்டுரை அனுப்பும் முன் முடிவு செய்யுங்கள். ஏற்கப்பட்ட பின் மாற்றப் பல இதழ்கள் விடுவதில்லை.

வணிகப் பயன்பாடு கூடாது என்ற உரிமம்

பாதுகாப்பு என்று நினைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். சில பதிப்பகங்களில் இதைத் தேர்ந்தால் வணிக உரிமை மொத்தமும் பதிப்பகத்துக்குப் போய்விடும். ஒப்பந்தத்தைப் படியுங்கள்.

கிட்ஹப் காப்பகம் அல்ல

நிரல் எழுதி வைக்கும் கிட்ஹப் தளத்தோடு நிற்காமல், ஸெனோடோ என்ற களஞ்சியத்தில் நிரலின் ஒரு பதிப்பை உறைய வைத்து, அந்த டிஓஐயைக் கட்டுரையில் போடுங்கள்.

செய்திக் குறிப்பு

பல்கலைக்கழகச் செய்தி அலுவலகம் எழுதும் குறிப்பை ஆய்வாளர் நன்றி சொல்லி அப்படியே திருப்பி அனுப்புகிறார். பின்னால் நாளிதழ் தலைப்பைப் பார்த்து நிருபரைத் திட்டுகிறார். பிரிட்டனில் 20 பல்கலைக்கழகங்களின் 462 செய்திக் குறிப்புகளை ஆராய்ந்து 2014இல் பிஎம்ஜே இதழில் வந்த கட்டுரை, மிகைப்படுத்தல் பெரும்பாலும் குறிப்பிலேயே தொடங்கிவிடுவதைக் காட்டியது: 40 விழுக்காட்டில் மிகையான அறிவுரை, 33 விழுக்காட்டில் வெறும் தொடர்பைக் காரணமாக்கியது, 36 விழுக்காட்டில் விலங்கு ஆய்வை மனிதருக்கு நீட்டியது. அதனால் வரைவு வந்ததும் மூன்றைத் தேடுங்கள். "காரணமாகிறது" என்ற வினை; எலியா மனிதரா என்பது முதல் பத்தியில் இருக்கிறதா; புள்ளியியல் பொருளில் சொன்ன "சிக்னிஃபிகன்ட்" என்ற ஆங்கிலச் சொல் டச்சு மொழியாக்கத்தில் "பெருமளவு" ஆகிவிட்டதா.

இன்ன நேரத்துக்கு முன் செய்தியை வெளியிடக் கூடாது என்ற தடை நேரத்திலும் இடறுவார்கள். நேச்சர் இதழின் தடை புதன்கிழமை லண்டன் நேரம் மாலை 4 மணிக்கு விலகும்; நெதர்லாந்தில் அப்போது 5 மணி. ஒரு மணி நேரம் முந்திவிட்டால் தடையை மீறியதாகிவிடும். குறிப்பில் உள்ள டிஓஐ இணைப்பு வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். எண் கொடுத்தபின்னும் இணைப்பு உயிர்பெறச் சில மணி நேரம் ஆகலாம். மூடிய கட்டுரை என்றால், இதழில் வரும் முன் இணையத்தில் போட்ட முன்பதிப்பின் இணைப்பையும் தாருங்கள். பொதுமக்களுக்கான செய்தி கட்டணச் சுவரில் போய் முட்டுவது அசிங்கம்.

பொது நிகழ்வுகள்

அக்டோபர் மாத அறிவியல் வார இறுதியோ பல்கலைக்கழகத்தின் மாலைச் சொற்பொழிவோ, முதல் தவறு மொழி. நிகழ்ச்சி டச்சிலா ஆங்கிலத்திலா என்று அறிவிப்பின் முதல் வரியிலேயே இருக்க வேண்டும். அடுத்தது படவில்லைகள். வகுப்பறைக்குள் பிறர் படத்தைக் காட்ட இடம் தரும் கல்வி விலக்கு, பொது நிகழ்வுக்கும் இணையத்தில் ஏறும் ஒளிப்பதிவுக்கும் கைகொடுக்காது. ஒளிப்பதிவு உண்டென்றால் எல்லாப் படத்தின் உரிமத்தையும் முன்பே சரிபாருங்கள். கேமராவில் படாத வரிசை ஒன்றைப் பார்வையாளருக்கு ஒதுக்குங்கள்.

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வும் இங்கே பொது நிகழ்வுதான், யார் வேண்டுமானாலும் உட்காரலாம். குறித்த நிமிடத்தில் தொடங்கும், கதவும் மூடிவிடும். பல்கலைக்கழகத்தைப் பொறுத்து 45 நிமிடமோ ஒரு மணி நேரமோ கழித்து, சடங்குக் கோலேந்திய பெடல் என்ற பல்கலைக்கழக அலுவலர் உள்ளே வந்து "ஹோரா எஸ்ட்" (நேரமாகிவிட்டது) என்பார். பாதி வாக்கியத்தில் இருந்தாலும் நிறுத்திவிடலாம். அதற்கு முன் உறவினருக்கும் நண்பருக்கும் எளிமையாகச் சொல்லும் 10, 15 நிமிடப் பேச்சு பல இடங்களில் உண்டு. அதற்கு மாநாட்டுப் படவில்லைகளை அப்படியே கொண்டுவருகிறார்கள். எடுத்த எடுப்பிலேயே வரைபடம் வந்தால் அம்மா அப்பா தூங்கிவிடுவார்கள்.

ஒரே பெயரோடு நிறுத்துவது

விவரக் குறிப்பில் ஒரு பொருளுக்கு ஒரே பெயரை எழுதிவிட்டுப் போவதும் பழகிப்போன பிழை. லெய்டன் பல்கலைக்கழக நூலகத்துத் தொகுப்பில் சேர்ந்த சோழர் செப்பேடுகளை நாம் ஆனைமங்கலச் செப்பேடு என்கிறோம். ஐரோப்பியக் கட்டுரைகளில் அவை லெய்டன் செப்பேடுகள். நூலகப் பட்டியலில் ஓஆர் 1687, ஓஆர் 1688. இவற்றில் ஒன்றை மட்டும் எழுதினால் மற்ற பெயரால் தேடுகிறவருக்கு உங்கள் தரவு இல்லாததற்குச் சமம். மூன்றையும் எழுதுங்கள், தமிழ்ப் பெயரைத் தமிழ் எழுத்திலும் சேருங்கள். பல களஞ்சியங்களில் மாற்றுத் தலைப்புக்கென்று தனிக் கட்டம் இருக்கிறது. அது பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கிறது.