கார்பன் மோனாக்சைடு கருவி: வாயு காட்டிப் பார்ப்பதும் கேலிப்ரேஷனும்

கொதிகலன் பக்கம் போகும்போது சட்டையில் மாட்டிய கருவி 0 காட்டினால், ஒன்று அங்கே கார்பன் மோனாக்சைடு இல்லை, அல்லது சென்சார் செத்துவிட்டது. திரையில் இரண்டுக்கும் அதே 0-தான். டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் வரும் சத்தமும் பேட்டரி, பஸர், விளக்கு ஆகியவற்றுக்குத்தான் சாட்சி; சென்சாருக்கு இல்லை. அளவு தெரிந்த வாயுவைக் காட்டிப் பார்த்தால் மட்டுமே உண்மை தெரியும்.

மலேசியாவின் தெலுக் இந்தான் போன்ற தோட்டப் பட்டணங்களில் இந்த வாயு எங்கே வரும் என்பது தெரிந்ததுதான். செம்பனை ஆலையில் பழ நாரையும் கொட்டை ஓட்டையும் எரிக்கும் கொதிகலன், ஜெனரேட்டர் அறை, ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடம். எட்டு மணி நேரச் சராசரிக்கு மலேசிய விதி வைத்திருக்கும் வரம்பு 25 பிபிஎம் (காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 25 பங்கு). பல கருவிகளில் முதல் அலாரம் 35-இல் வைக்கப்பட்டு வருகிறது. உங்களுடையது எதில் நிற்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். வாயுவின் எடை ஏறக்குறைய காற்றின் எடைதான் என்பதால் கருவியை மூக்குக்கு அருகே, நெஞ்சில் மாட்ட வேண்டும். இடுப்பு பெல்ட்டில் அல்ல.

வேண்டியவை: 100 பிபிஎம் சோதனை வாயு சிலிண்டர் (நான்கு வாயு கருவிக்குக் கலவை சிலிண்டர்), நிமிடத்துக்கு 0.5 லிட்டர் விடும் ரெகுலேட்டர், ஒரு மீட்டருக்கு மேற்படாத குழாய், கருவியோடு வந்த மூடி. கருவிக்குள்ளேயே உறிஞ்சும் பம்ப் இருந்தால் அதற்கேற்ற வேறு ரெகுலேட்டர் வேண்டும். ஓட்டம் கூடினால் சென்சார் மேல் அழுத்தம் ஏறி எண் உயரும். அந்த நிலையில் கேலிப்ரேஷன் (அளவு தெரிந்த வாயுவுக்கு ஏற்பக் கருவியின் எண்ணைத் திருத்துவது) செய்தால், பிறகு களத்தில் கருவி குறைத்துக் காட்டும். சிலிண்டரின் காலாவதித் தேதியையும் பாருங்கள். கலவையில் முதலில் கெடுவது ஹைட்ரஜன் சல்பைடு.

தினமும் வேலைக்கு முன் செய்ய வேண்டியது பம்ப் டெஸ்ட் (bump test): வாயுவைக் காட்டிக் கருவி விழித்துக்கொள்கிறதா என்று பார்ப்பது; உறிஞ்சும் பம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காற்றோட்டமான இடத்தில் கருவியை ஆன் செய்து, 0-க்கு வரும்வரை பொறுத்து, மூடியை மாட்டி வாயுவைத் திறங்கள். சில விநாடிகளில் எண் ஏற வேண்டும், அலாரம் அடிக்க வேண்டும், ஒரு நிமிடத்துக்குள் 100-ஐ நெருங்க வேண்டும். 90-க்கும் 110-க்கும் இடையில் நின்றால் வேலைக்குக் கொண்டு போகலாம். ஒரு சோதனைக்கு அரை லிட்டர்தான் செலவு. 58 லிட்டர் சிலிண்டர் நூறு தடவைக்கு மேல் வரும். சிக்கனம் பார்க்க இதில் இடமில்லை.

எண் ஏறும் விதத்தைக் கவனியுங்கள். 100-ஐத் தொடுகிறது, ஆனால் இரண்டு நிமிடம் இழுக்கிறது என்றால் குற்றம் பில்டரில்: கொதிகலன் சாம்பல், நார்த்தூசி அல்லது ஈரம். காற்றடித்துச் சுத்தம் செய்யாமல் பில்டரை மாற்றுங்கள். சட்டென ஏறி 70-இலேயே நின்றுவிட்டால் சென்சார் களைத்துவிட்டது, கேலிப்ரேஷன் தேவை.

கேலிப்ரேஷன் பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கீழே விழுந்தாலும், பம்ப் டெஸ்டில் தவறினாலும் உடனே. முதல் படி பூஜ்யம் வைப்பது. பெரும்பாலான தப்பு நடப்பது இங்கேதான். காற்றில் 10 பிபிஎம் இருக்கும் இடத்தில் பூஜ்யம் வைத்தால் கருவி அந்தப் பத்தை 0 என்று எடுத்துக்கொள்ளும். பிறகு உண்மையில் 35 இருக்கும்போது 25 காட்டும், அலாரம் அடிக்காது. வெளியே வந்ததும் மைனஸ் எண் தெரிந்தால் இதுதான் காரணம். லாரிகள் எஞ்சினோடு நிற்கும் தராசு மேடை, ஜெனரேட்டர் பக்கம், கொசுவர்த்தியோ சாம்பிராணியோ புகையும் ஆபீஸ் அறை எதுவும் ஆகாது. பேட்டரி சார்ஜ் செய்யும் அறையும் கூடாது: ஹைட்ரஜனையும் இந்தச் சென்சார் மோனாக்சைடு என்றே எண்ணும். கைக்கு சானிடைசர் தடவிய உடனேயும் கருவியைத் தொடாதீர்கள்.

பூஜ்யம் சரியானபின் 100 பிபிஎம் வாயுவை விட்டு, எண் அசையாமல் நிற்கும்வரை, ஏறக்குறைய இரண்டு நிமிடம், பொறுத்துப் பதிவு செய்யுங்கள். கருவியில் அமைத்திருக்கும் அளவும் சிலிண்டர் மேல் அச்சிட்ட அளவும் ஒன்றாக இருக்கட்டும். திருத்துவதற்கு முன் எவ்வளவு காட்டியது என்பதைக் கட்டாயம் எழுதி வையுங்கள். 100-க்கு 60 காட்டிய கருவி என்றால், கடந்த வாரங்களில் 20 என்று எழுதியிருப்பதெல்லாம் முப்பதுக்கு மேல் இருந்திருக்கலாம். கருவி எண், தேதி, சிலிண்டர் லாட் எண், முன் அளவு, பின் அளவு: இவ்வளவு போதும். கேலிப்ரேஷனே நிற்காவிட்டால் சென்சாரை மாற்றி, புதியதைக் கருவிக்குள் நிலைபெற விட்டு, மறுபடி செய்யுங்கள். முடிந்ததும் ரெகுலேட்டரைக் கழற்றி விடுங்கள். மாட்டியே வைத்தால் வாயு மெல்லக் கசியும்.

மோட்டார் சைக்கிள் புகைக்குழாயிலோ கரி அடுப்பிலோ கருவியைக் காட்டிச் சோதிப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே அளவு யாருக்கும் தெரியாது, மட்டுமீறிய வாயுவில் சென்சார் திணறும், புகைக்கரி பில்டரை அடைக்கும்.

வீட்டுச் சுவரில் மாட்டும் அலாரத்தை நாம் கேலிப்ரேட் செய்ய முடியாது. ஐரோப்பியத் தரமான இஎன் 50291-இன்படி 50 பிபிஎம்-க்கு அது 60 முதல் 90 நிமிடம் கழித்துத்தான் அடிக்கும், 300 பிபிஎம்-க்கு 3 நிமிடத்துக்குள். ஆகவே கொஞ்ச நேரம் 100 பிபிஎம் காட்டிவிட்டு 'அடிக்கவில்லை, கெட்டுவிட்டது' என்று முடிவு கட்ட வேண்டாம். பின்பக்கத்தில் அச்சிட்ட தேதி வந்ததும், பொத்தான் எவ்வளவு சத்தமாக அடித்தாலும், தூக்கிப் போட்டுப் புதியது வாங்குங்கள்.