மீட்டர் 1:1 காட்டினால் போதுமா? வீட்டில் ஹாம் ஆன்டெனா கட்டுவோர் செய்யும் தவறுகள்

ஹாம் எனும் பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள் சோதனைக்காக ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் டம்மி லோடு என்பது வெறும் 50 ஓம் மின்தடை. அதை ரேடியோவில் மாட்டி எஸ்.டபிள்யூ.ஆர். (நிலையலை விகித) மீட்டரைப் பார்த்தால் எல்லா பேண்டிலும் (அதிர்வெண் பட்டையிலும்) அழகாக 1:1, அதாவது எதுவும் திரும்பி வரவில்லை என்று காட்டும். அனுப்பும் சக்தி முழுவதும் சூடாகிப் போகும், வெளியே எதுவும் கேட்காது. ஆன்டெனா கட்டத் தொடங்குகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை குறையும். கேபிளில் அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை மட்டும்தான் அந்த மீட்டர் சொல்கிறது. திரும்பி வராத சக்தி காற்றில் போனதா, கேபிளிலேயே சூடாகிக் கரைந்ததா என்பது அதற்குத் தெரியாது.

ஆனாலும் நம் ஆட்கள் மீட்டரைத்தான் கும்பிடுகிறார்கள். 1.4 இருப்பதை 1.1 ஆக்க ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மொட்டை மாடியில் வெயிலில் காய்வார்கள். கணக்கு என்ன? எஸ்.டபிள்யூ.ஆர். 1.5 என்றால் திரும்பி வருவது 4 சதவீதம். 2 என்றால் 11 சதவீதம். எதிர்முனையில் கேட்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. பெரும்பாலான ரேடியோக்கள் 2 வரை முணுமுணுக்காமல் வேலை செய்யும். அந்த நேரத்தை ஆன்டெனாவை இன்னும் இரண்டு மீட்டர் உயர்த்தச் செலவிட்டால் பலன் அதிகம்.

இதைவிட மோசமானது, கெட்ட கேபிள் நல்ல எஸ்.டபிள்யூ.ஆர். காட்டுவது. 145 மெகாஹெர்ட்ஸில் பேச ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிளை 30 மீட்டர் இழுத்தால் ஏறத்தாழ 6 டெசிபல், அதாவது முக்கால் பங்கு சக்தி, அதிலேயே போய்விடும். 5 வாட் அனுப்பினால் மேலே போய்ச் சேருவது சுமார் 1.25 வாட். ஆன்டெனாவில் மோதித் திரும்புவதும் அதே கேபிள் வழியாக, மறுபடி 6 டெசிபல் இழந்துதான் மீட்டருக்கு வர வேண்டும். அதனால் மேலே ஆன்டெனா கழன்றே விழுந்திருந்தாலும் கீழே மீட்டர் 1.7 பக்கம் காட்டும்! நாமும் ‘பரவாயில்லையே’ என்று இருந்துவிடுவோம். 7 மெகாஹெர்ட்ஸுக்கு அதே கேபிள் தாராளமாகப் போதும், இழப்பு ஒரு டெசிபலைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். 145 மெகாஹெர்ட்ஸ் போன்ற வி.எச்.எஃப். அலைகளுக்கு ஆர்ஜி-213 போன்ற தடித்த கேபிளாகப் போடுங்கள், அல்லது நீளத்தைக் குறையுங்கள். கேபிள் டி.வி.க்குப் போடும் ஆர்ஜி-6 75 ஓம் என்பதால் பலர் அதைத் தொடவே பயப்படுவார்கள். 50 ஓமுடன் பொருத்தினால் வரும் எஸ்.டபிள்யூ.ஆர். வெறும் 1.5தான். உண்மையில் அதன் இழப்பு ஆர்ஜி-58ஐ விடக் குறைவு.

வெட்டுவதற்கு முன்

நம் ஊரில் பலர் முதலில் கட்டுவது 40 மீட்டர் அலைநீள பேண்டுக்கான டைபோல், அதாவது நடுவில் கேபிள் இணைத்து இரு பக்கமும் சமமாகக் கம்பி நீட்டிய ஆன்டெனா. இந்தியாவில் இந்த பேண்ட் 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை. சூத்திரம் எல்லாருக்கும் தெரியும்: 142.6ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1க்கு 20.1 மீட்டர், பக்கத்துக்கு 10 மீட்டரும் சொச்சமும். தவறு என்னவென்றால், அந்த எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொண்டு அங்கேயே வெட்டிவிடுவது. ஆன்டெனாவின் உயரம், கம்பியின் தடிமன், மேலுறை, மொட்டை மாடித் தளத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பிகள் எல்லாமே நீளத்தை மாற்றும். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் பி.வி.சி. உறை போட்ட கம்பியில் மட்டுமே ஆன்டெனா ஒத்திசையும் (எஸ்.டபிள்யூ.ஆர். மிகக் குறையும்) அதிர்வெண் 2, 3 சதவீதம் கீழே இறங்கும். நடுவில் உயர்த்தி இரண்டு முனைகளையும் தாழ்த்திக் கட்டும் இன்வெர்டட் வீ என்றால் இன்னும் கொஞ்சம் இறங்கும்.

ஆகவே பக்கத்துக்கு அரை மீட்டர் கூடுதலாகவே விடுங்கள். முதலில் வெட்டவும் வேண்டாம். மிச்சத்தை மடக்கி, அதே கம்பியோடு ஒட்டிச் சுற்றிவைத்தால் கிட்டத்தட்ட வெட்டியது போலத்தான். எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதற்கு ஊகம் தேவையில்லை. 20.1 மீட்டர் கம்பி 6.9இல் ஒத்திசைகிறது, நமக்கு 7.1 வேண்டும் என்றால், 20.1ஐ 6.9ஆல் பெருக்கி 7.1ஆல் வகுக்க வேண்டும். 19.53 மீட்டர் வரும். அதாவது பக்கத்துக்கு 28 சென்டிமீட்டர். ஆன்டெனாவை அளக்கும் கருவியான அனலைசர் இல்லாதவர்கள் பேண்டின் இரு ஓரங்களிலும் எஸ்.டபிள்யூ.ஆர். பார்க்கட்டும். 7.0இல் குறைவாகவும் 7.2இல் அதிகமாகவும் இருந்தால் கம்பி நீளம். இது தெரியாமல், அதிகமாகக் காட்டுகிறதே என்று வெட்டிக்கொண்டே போய்க் கம்பியைக் குட்டையாக்கியவர்கள் நிறைய.

இடுப்பளவு உயரத்தில் கட்டிச் சரிசெய்துவிட்டு, பிறகு மேலே ஏற்றினால் அளவு எல்லாம் மாறிவிடும். சலிப்பாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் கடைசி உயரத்துக்கு ஏற்றித்தான் அளக்க வேண்டும். கம்பத்தின் உச்சியில் ஒரு கப்பி மாட்டிவைத்தால் இந்த வேலை எளிது.

நானோவிஎன்ஏ கைக்கு வந்த பிறகு

நானோவிஎன்ஏ என்ற கையடக்க அனலைசரால் கருவி மலிவாகிவிட்டது, நல்லதுதான். கூடவே புதுத் தவறுகளும் வந்தன. ஓப்பன் (திறந்த முனை), ஷார்ட் (குறுக்கிணைப்பு), லோடு (50 ஓம்) மூன்றையும் மாட்டி அளவீடு சரிசெய்த பிறகு அதிர்வெண் வரம்பை மாற்றினால், மறுபடி சரிசெய்ய வேண்டும். பலர் கருவியின் வாயிலேயே சரிசெய்துவிட்டு, 20 மீட்டர் கேபிள் வழியாக ஆன்டெனாவின் ஓம் மதிப்பைப் படிக்கிறார்கள். அவர்கள் பார்ப்பது கேபிள் உருமாற்றிக் காட்டும் எண். ஆன்டெனாவின் மதிப்பு வேண்டுமானால் கேபிளின் மேல் முனையில் வைத்துச் சரிசெய்யுங்கள். அதே கேபிளில் ரேடியோவும் சேர்ந்திருக்க, பக்கத்தில் யாராவது பி.டி.டி. (பேசுவதற்கான பொத்தான்) அழுத்தினால் கருவி அந்த நிமிடமே காலி. நீளக் கம்பியில் காற்றிலும் மின்னூட்டம் சேரும். கேபிளின் நடுக்கம்பியை உலோகப் பின்னல் உறையோடு ஒருமுறை தொடவைத்துவிட்டு அப்புறம் மாட்டுங்கள்.

அளக்கும்போது கேபிளைக் கையால் பிடித்துப் பாருங்கள். எண் ஆடினால் கேபிளின் வெளி உறையும் ஆன்டெனாவாக வேலை செய்கிறது என்று அர்த்தம். டைபோல் இருபுறமும் சமமானது, நடுக்கம்பியும் சுற்றி உறையும் உள்ள கோஆக்ஸ் கேபிள் அப்படியல்ல. நடுவில் ஒன்றும் போடாமல் நேராக இணைத்தால் மின்னோட்டம் உறையின் வெளிப்பக்கமாகவும் இறங்கி வரும். மைக்கைத் தொட்டால் உதட்டில் சுருக்கென்று கடிப்பதும், வீட்டு எல்.இ.டி. விளக்கின் இரைச்சல் முழுவதும் ரிசீவருக்குள் வருவதும் பெரும்பாலும் இதனால்தான். ஃபெரைட் வளையத்தில், 7 மெகாஹெர்ட்ஸ் போன்ற எச்.எஃப். அலைகளுக்கு 31 என்ற ஃபெரைட் வகை நல்லது, கேபிளைப் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றி இணைப்பு முனையில் வைத்தால் அடங்கும். இதைத்தான் 1:1 சோக் பாலன் என்கிறோம். இது ஆடம்பரம் என்று விட்டுவிடுகிறவர்கள், பிறகு மாதக்கணக்கில் கம்பியை நீட்டியும் வெட்டியும் பார்ப்பார்கள்.

மழை பற்றி ஒரு வார்த்தை. கேபிள் முனையில் மாட்டும் பி.எல்-259 கனெக்டரில் வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றினால் ஒரு கோடையிலேயே பசை உருகி அவிழ்ந்துவிடும். தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் சாதாரண டேப் சுற்றுங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். நீர் உள்ளே போய்விட்டால் பின்னல் உறை அதை மீட்டர் கணக்கில் உறிஞ்சிக்கொண்டு போகும். அப்போது இழப்பு கூடும், மீட்டரோ முன்பைவிட நல்ல எண் காட்டும்! மழைக்காலம் முடிந்ததும் காரணமில்லாமல் எஸ்.டபிள்யூ.ஆர். முன்னேறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள்.

கயிறு எறியும் முன் ஈ.பி. லைன் எங்கே போகிறது என்று பாருங்கள். கம்பி அறுந்தாலும் கம்பம் சாய்ந்தாலும் லைன்மேல் விழாத இடமாக இருக்க வேண்டும். இதில் ‘பார்த்துக்கலாம்’ என்பதே கிடையாது. டைபோலின் முனைகளில் மின்னழுத்தம் மிக அதிகம். துணி காயப்போட வருகிறவர் கைக்கு எட்டும் உயரத்தில் அவற்றைக் கட்டாதீர்கள்.

கடைசியாக, ஆன்டெனா உண்மையில் எப்படி இருக்கிறது என்பதைக் காற்றில்தான் சோதிக்க வேண்டும், அதற்கு உரிமமும் அழைப்புக் குறியும் அவசியம். ஆனால் ‘ஓ.எம்., (ஹாம்கள் ஒருவரையொருவர் அழைக்கும் சொல்) எப்படிக் கேட்குது?’ என்று கேட்டால் ‘59’, அதாவது மிகத் தெளிவாக, பலமாகக் கேட்கிறது என்பார்கள். பாதி பேர் மரியாதைக்குச் சொல்வது. அயனி மண்டலத்தால் சமிக்ஞை நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்கும், ஆகவே நேற்றைய பழைய ஆன்டெனாவை இன்றைய புதியதோடு ஒப்பிடுவதும் வீண். பழையதைக் கழற்றாமல் வைத்து, சுவிட்ச் போட்டு உடனுக்குடன் மாற்றிக் கேளுங்கள். அல்லது டபிள்யூ.எஸ்.பி.ஆர். என்ற தானியங்கிச் சோதனைச் சமிக்ஞை முறையைப் போடுங்கள். இரண்டு நிமிட இடைவெளிகளில், ஒரு வாட்டுக்கும் குறைவான சக்தியில் அனுப்பினால், எங்கெங்கே எத்தனை டெசிபலில் கேட்டது என்று இணையத்தில் வந்துவிடும். அதையும் ஒரே ஒரு முறை பார்த்து முடிவு கட்டாமல் காலை, பகல், இரவு என்று சில நாள் ஓடவிடுங்கள். தாழ்வாகக் கட்டிய 40 மீட்டர் டைபோல் வெளிநாட்டில் கேட்காமல் போகலாம், பகலில் சென்னையிலிருந்து மதுரைக்கு அருமையாகப் போகும். கதிர்வீச்சு செங்குத்தாக மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டு நம் ஊர்ப்பக்கமே இறங்குவதால் அப்படி. உங்களுக்கு வேண்டியது அதுதான் என்றால், உயரமான கம்பத்துக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை.