தமிழ்த் தளங்களில் மாற்றுத்திறனாளிகளை வெளியே நிறுத்தும் தவறுகள்

வெப்சைட்டின் மேல் மூலையில் அ-, அ, அ+ என்று மூன்று பட்டன் வைத்துவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது என்று நினைப்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். எழுத்தைப் பெரிதாக்கும் வசதி எல்லா பிரவுசரிலும் எப்போதோ வந்துவிட்டது, அது தேவைப்படுகிறவர்களுக்கு அதை எப்படிப் பயன்படுத்துவது என்று நம்மைவிட நன்றாகவே தெரியும். வேடிக்கை என்னவென்றால், இந்த மூன்று பட்டனை வைத்திருக்கும் சில தளங்களே மொபைலில் இரண்டு விரலால் பெரிதாக்க முடியாதபடி வியூபோர்ட் வரியில், அதாவது பக்கம் திரையில் எப்படிப் பொருந்த வேண்டும் என்று சொல்லும் நிரல் வரியில், பூட்டுப் போட்டிருக்கும். முதலில் அதை எடுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் செக்லிஸ்ட்டுகளில் பாதி, ஆங்கிலத் தளங்களை மனதில் வைத்து எழுதியவை. தமிழ்த் தளங்கள் சறுக்கும் இடம் வேறு. பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்பதை பக்க நிரலின் தொடக்கத்தில் வரும் எச்டிஎம்எல் டேகில் இருக்கும் லாங் (lang) பண்புதான், திரையில் இருப்பதைப் பார்வையில்லாதவர்களுக்கு வாசித்துச் சொல்லும் மென்பொருளான ஸ்கிரீன் ரீடருக்குச் சொல்கிறது. தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளை ஆங்கிலத்திலேயே நிறுவிவிட்டுத் தமிழில் எழுதினால், பக்கம் முழுக்கத் தமிழாக இருந்தாலும் அந்த வரி அமெரிக்க ஆங்கிலம் என்றே அறிவித்துக்கொண்டிருக்கும். அதை நம்பி ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்கப் போகும். சில குரல்கள் தமிழ் எழுத்தைக் கண்டதும் அப்படியே மௌனமாகிவிடும். அந்த இடத்தில் ‘டிஏ’ (ta) என்ற இரண்டு எழுத்துக் குறியைப் போட்டாலே போதும், நடுவில் ஆங்கிலப் பத்தி ஏதாவது வந்தால் அதற்கு மட்டும் தனியாகக் குறித்துவிடலாம்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியதை யூனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றுவது இன்னொன்று. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், ஆனால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். ‘தமிழ்’ என்ற சொல்லை எழுத்தெழுத்தாகக் கேட்டால் ‘ஜே, கே, பி, ஓ, செமிகோலன்’ என்று வரும். பழைய கட்டுரைகளைக் கிடப்பில் போட்டிருக்கிறவர்கள் கன்வெர்ட்டரில் போட்டு மாற்றுங்கள், கூகுள் தேடலிலும் அப்போதுதான் ஒழுங்காக வரும்.

ஆனால் தமிழில் மிக அதிகமாக நடக்கும் தவறு, செய்தியையே படமாகப் போடுவது. தேர்வுத் தேதி, முகாம் அறிவிப்பு, பஸ் நேரம், எல்லாமே வாட்ஸப்புக்குச் செய்த போஸ்டர் அல்லது கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்த பிடிஎஃப். பார்வையில்லாதவருக்கு அது வெற்றுத் தாள். படத்தில் என்ன இருக்கிறது என்று ஸ்கிரீன் ரீடருக்குச் சொல்லும் ஆல்ட் வரியை எழுதச் சொன்னால் ‘படம்’ என்றோ கேமரா வைத்த கோப்புப் பெயரையோ விட்டுவிடுகிறார்கள். போஸ்டரைப் போடுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, கீழே அதே விஷயத்தை நாலு வரி எழுத்தாகவும் போடுங்கள். வெறும் அலங்காரப் படமாக இருந்தால் ஆல்ட்டைக் காலியாக விட வேண்டும், அங்கே போய் ‘அழகான பூ பார்டர்’ என்று வர்ணிக்காதீர்கள்.

அப்புறம் ‘மேலும் படிக்க’. என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரைப் பயன்படுத்துகிறவர்கள் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை கேட்பதில்லை, எச் விசையை அழுத்தித் தலைப்பு தலைப்பாகத் தாவுவார்கள், இல்லையென்றால் இன்சர்ட்டும் எஃப்7உம் அழுத்தி லிங்க்குகளை மட்டும் பட்டியலாக எடுப்பார்கள். செய்தித் தளம் ஒன்றில் அப்படி எடுத்தால் மேலும் படிக்க, மேலும் படிக்க, மேலும் படிக்க என்று வரிசையாக வரும், எது எந்தச் செய்தி என்று யாருக்குத் தெரியும்? செய்தித் தலைப்பையே லிங்க்காக்குங்கள். தலைப்பு டேக் போடாமல், தலைப்பை வெறுமனே தடித்த எழுத்தில் பெரிதாகப் போட்டால் எச் விசைக்கு அது தலைப்பே கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கை நடுக்கம் உள்ளவர்கள், மவுஸ் பிடிக்க முடியாதவர்கள் டேப் விசையை வைத்தே எல்லாவற்றையும் செய்கிறார்கள். டிவ் என்ற வெறும் பெட்டி டேகை பட்டன் மாதிரி அலங்கரித்து வைத்தால் டேப் அதைத் தாண்டிப் போய்விடும், பட்டன் டேகே இருக்கும்போது ஏன் இந்த வேலை? டிசைனுக்கு உறுத்துகிறது என்று டேப் இப்போது நிற்கும் இடத்தைச் சுற்றிக் காட்டும் ஃபோகஸ் கோட்டை நீக்கிவிட்டால் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது. நிறத்தில், வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்து வேண்டாம்; இணைய அணுகலுக்கான சர்வதேச வழிகாட்டியான டபிள்யூசிஏஜி (WCAG) கேட்பது, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1. ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பட்டனுக்குள் ‘விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்’ என்பதைத் திணித்தால், எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கியதும் பாதி வெட்டுப்பட்டுப் போகும். அகலத்தையும் உயரத்தையும் பிக்ஸலில் பூட்டாதீர்கள்.

ஃபார்ம்களில் கட்டத்துக்குள் மங்கலாகத் தெரியும் பிளேஸ்ஹோல்டரை மட்டும் வைத்துவிட்டு, கட்டத்துக்குப் பெயர் சொல்லும் லேபிள் போடாமல் விடுவது, தப்பான கட்டத்தைச் சிவப்பாக்குவதோடு நிறுத்திக்கொள்வது, படத்தில் உள்ள எழுத்தைத் தட்டச் சொல்லி, ஒலி வழி எதுவும் தராத கேப்சா, இவையெல்லாம் சிறியதாகத் தெரியும். ஆனால் ஆள் வெளியேறுவது பெரும்பாலும் இங்கேதான். ஆன்லைனில் அடையாளத்தைச் சரிபார்க்கும் இ-கேஒய்சியில் கண் சிமிட்டச் சொன்னதால் ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் பாதிக்கப்பட்டவர்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டவே முடியாமல் நின்றார்கள். அந்த வழக்கில்தான் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் வசதி கிடைப்பது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி 20 உத்தரவுகள் போட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அரசு சேவை, தனியார் சேவை என்று பிரித்துப் பார்க்கவில்லை. ‘நாங்கள் அரசுத் தளம் இல்லையே’ என்பது சாக்காகாது.

ஒரு வரி ஸ்கிரிப்ட் ஒட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று விற்கும் ஓவர்லேக்களை, அதாவது தளத்தின் மேல் ஒட்டும் செருகு மென்பொருள்களை, வாங்காதீர்கள். அப்படிச் சொல்லி விற்ற ஆக்சஸிபி நிறுவனம் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று 2025இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் முடிவு செய்தது.

சோதிக்கக் காசு வேண்டாம். என்விடிஏ இலவசம், அதோடு வரும் இஸ்பீக் என்ற பேச்சு மென்பொருளில் தமிழ்க் குரலும் உண்டு. கொஞ்சம் இயந்திரத்தனமாகத்தான் பேசும். மானிட்டரை அணைத்துவிட்டு உங்கள் தளத்தில் ஒரு ஃபார்மை நிரப்பி அனுப்பிப் பாருங்கள். தளத்தைத் தானாகச் சோதிக்கும் கூகுளின் லைட்ஹவுஸ் 100 மதிப்பெண் தந்தது என்று அங்கேயே நின்றுவிடாதீர்கள், அது ஆல்ட் இருக்கிறதா என்றுதான் பார்க்கும், அதில் ‘படம்1’ என்று எழுதியிருந்தாலும் பாஸ் போட்டுவிடும். பிறகு, தினமும் ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்தும் ஒருவரைக் கூப்பிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள், சும்மா உதவி கேட்காமல் டெஸ்டருக்குக் கொடுக்கும் கூலியைக் கொடுத்து.