மறை எண்ணைக் கழிப்பது எப்படி? புளியங்கொட்டையால் ஒரு செய்முறை

மட்டக்களப்பின் படுவான்கரையில் எட்டாம் தரத்துக்குக் கணிதம் கற்பிக்கத் தொடங்கிய முதல் வருடத்தில், 3 − (−2) என்ற கணக்குக்கு என் வகுப்பில் பாதிப்பேர் 5 என்று சரியாகவே எழுதினார்கள். ஏன் என்று கேட்டபோது, "சயவும் சயவும் சேர்ந்தால் சக" என்ற ஒரே பதில்தான் எல்லா வாங்குகளிலிருந்தும் வந்தது (சய என்பது − குறி, சக என்பது + குறி). அடுத்த கிழமை −3 − 2 என்ற கணக்கிலும் இரண்டு சயக்களைக் கண்ட அதே பிள்ளைகள், அதே வாசகத்தைச் சொல்லி 5 என்று எழுதினார்கள். நான் கொடுத்தது விளக்கம் அல்ல, வெறும் வாசகம் என்பது அன்று எனக்குப் புரிந்தது. அதன் பிறகு நான் கைக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பொருட்கள். பிள்ளைக்கு இருபது புளியங்கொட்டை, அவற்றைப் போட்டுவைக்க ஒரு சிரட்டை, மேசையில் விரிக்க ஒரு நிறத்தாள் ஆகியன போதும். தாயம் விளையாடத் தேய்ப்பதுபோல ஒவ்வொரு கொட்டையின் ஒரு பக்கத்தையும் கரடான சீமெந்துப் படியில் வெள்ளை தெரியும்வரை தேய்க்க வேண்டும். தேய்த்த கொட்டை நன்றாகச் சுடும் என்பதாலும், அந்தச் சூட்டை அடுத்தவர் கையில் வைத்துப் பார்க்கப் பிள்ளைகளுக்கு ஆசை வரும் என்பதாலும், இந்த வேலையை முதல் நாளே வீட்டில் பெரியவர்களின் பார்வையில் முடித்துவரச் சொல்லுங்கள். மட்டையில் வெட்டிய வட்டுகளை நான் விரும்புவதில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அரைச்சுவர் வகுப்பறையில் அவை தாளில் நிற்பதில்லை. எண்கோடு கூட்டலுக்கு மிக நல்லது. ஆனால் மறை எண்ணைக் கழிக்கும்போது "திரும்பி நின்று பின்னால் நட" என்று இன்னொரு விதியை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது.

வெள்ளைப் பக்கம் நேர் 1, கறுப்புப் பக்கம் மறை 1. ஒரு வெள்ளையும் ஒரு கறுப்பும் சேர்ந்தால் பூச்சியம். அதைப் பூச்சியச் சோடி என்று அழைக்கிறோம். சீனக் கணித அறிஞர்கள் நேர் எண்ணுக்குச் சிவப்புக் குச்சியையும் மறை எண்ணுக்குக் கறுப்புக் குச்சியையும் வைத்துக் கணக்கிட்டார்கள். கி.பி. 628 இல் பிரம்மகுப்தர் இவற்றைச் செல்வம் என்றும் கடன் என்றும் வகுத்து, பூச்சியத்திலிருந்து கடனைக் கழித்தால் செல்வம் என்று எழுதினார். இதை வகுப்பில் சொன்னால், கடைக் கொப்பியில் கடன் வெட்டப்படுவதை அறிந்த பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

கூட்டலை ஒரு பாடவேளையில் முடித்துவிடலாம். கழித்தலுக்கு வரும்போது முதலில் வாசிப்பைத் திருத்துங்கள். "மூன்று சய சய இரண்டு" என்று வாசிக்கும் பிள்ளைக்கு, எந்தச் சய செய்கையைச் சொல்கிறது, எது எண்ணின் திசையைச் சொல்கிறது என்று தெரியாது. "மூன்றிலிருந்து மறை இரண்டை எடு" என்று வாசிக்கப் பழக்குங்கள்.

இனி, என்னையே தடுமாற வைத்த படி. தாளில் மூன்று வெள்ளைகள் இருக்கின்றன. இரண்டு கறுப்பை எடுக்க வேண்டும். ஆனால் கறுப்பு ஒன்றுமே இல்லை. ஒரு மாணவி சிறிது நேரம் கையை அந்தரத்தில் வைத்திருந்துவிட்டு, இரண்டு வெள்ளைகளைக் கறுப்பாகப் புரட்டி, அவற்றை எடுத்து, "ஒன்று மிச்சம்" என்றாள். அந்தக் கணத்தில் எனக்கு மறுமொழி வரவில்லை. வீட்டுக்கு வந்து நானே கொட்டைகளை அடுக்கிப் பார்த்தபோதுதான் பிழை தெரிந்தது. புரட்டியதும் தாளில் இருப்பது ஒரு வெள்ளையும் இரண்டு கறுப்பும், அதாவது −1. எடுப்பதற்கு முன்பே 3 என்ற பெறுமதி மாறிவிட்டது. ஆகவே மறுநாள் ஒரு கட்டுப்பாடு வைத்தேன்: தாளில் இருக்கும் கொட்டையைப் புரட்டக் கூடாது, வேண்டியதைச் சிரட்டையிலிருந்து பூச்சியச் சோடியாக மட்டுமே சேர்க்கலாம். இரண்டு சோடிகளைச் சேர்த்தால் ஐந்து வெள்ளையும் இரண்டு கறுப்பும் இருக்கும், பெறுமதி இன்னும் 3 தான். ஒவ்வொரு பிள்ளையும் அந்தப் பெறுமதியை வாய்விட்டுச் சொன்ன பின்பே கறுப்பு இரண்டையும் எடுக்க விடுங்கள். ஐந்து வெள்ளை மிஞ்சும். சோடியிலிருந்து கறுப்பு போனதால் அதன் வெள்ளை மிஞ்சியது. மறை இரண்டைக் கழித்தால் நேர் இரண்டைக் கூட்டியதாக ஆவது இதனால்தான். இந்தப் படிக்கு நான் ஒரு முழுப் பாடவேளையையும் ஒதுக்குகிறேன்.

பிற்சேர்க்கை: −3 − (+2) என்ற கணக்கில் தம் பிள்ளைகள் மூன்று கறுப்பிலிருந்து இரண்டு கறுப்பை எடுத்து −1 என்று எழுதுவதாகக் கல்முனையிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருந்தார். கண்ணுக்குத் தெரிவதைக் கை எடுத்துவிடுகிறது. கொட்டையைத் தொடுவதற்கு முன் எடுக்க வேண்டிய நிறத்தைச் சொல்லவைத்தால் இது நிற்கும். வெள்ளை என்று சொன்ன பிள்ளை, தாளில் வெள்ளை இல்லாததைக் கண்டு தானாகவே சிரட்டையை நோக்கிக் கையை நீட்டும். இரண்டு சோடிகளைச் சேர்த்து வெள்ளை இரண்டை எடுத்தால் ஐந்து கறுப்பு மிஞ்சும். எண்களைத் தெரிவுசெய்யும்போது கொட்டைகளின் தொகையையும் பார்த்துக்கொள்ளுங்கள்: −7 − (+6) என்ற கணக்குக்கு ஏழும் ஆறு சோடிகளுமாகப் பத்தொன்பது கொட்டைகள் வேண்டும்; −8 − (+7) என்று கொடுத்தால் இருபது போதாது.