ஃபர்ஸ்ட் குரூப் மோகமும் சில தவறுகளும்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்குமா?" என்பதுதான். அதாவது, ப்ளஸ் ஒன்னில் கணிதம், இயற்பியல், வேதியியல் உள்ள பாடப்பிரிவு. மொத்தம் 500-க்கு 450 என்றால் பயோ-மேத்ஸ், 350 என்றால் காமர்ஸ் என்று ரேஷன் அளப்பதுபோல் பிள்ளைகளைப் பிரித்துவிடுகிறோம். தமிழிலும் சமூக அறிவியலிலும் 98 எடுத்து, கணக்கில் 70 எடுத்த பிள்ளைக்கும் 450 வரும். ப்ளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தைத் திறந்த பிறகுதான் சங்கடம் தெரியும். மொத்தத்தைப் பார்க்காமல் கணக்கு, அறிவியல் மதிப்பெண்களைத் தனியாகப் பாருங்கள்.

அடுத்தது, கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்க கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்தான் வேண்டும் என்ற நம்பிக்கை. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் (தரவரிசைக்கான மதிப்பெண்) 200-க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கம்ப்யூட்டர் சயின்ஸில் நூற்றுக்கு நூறு எடுத்தாலும் அதில் சேராது. பயோ-மேத்ஸ் படித்தவரும் அதே சீட்டுக்குப் போகலாம். அதற்காக, நீட் எழுதும் எண்ணமே இல்லாத பிள்ளையை "எதற்கும் இருக்கட்டும்" என்று பயாலஜியில் தள்ளாதீர்கள். தாவரவியல், விலங்கியல் என்று இரண்டு புத்தகம். சும்மா இருக்கட்டும் என்று சுமக்கிற பாரமா அது?

காமர்ஸ் என்றால் மதிப்பெண் குறைந்தவர்களுக்கு என்பதும் பழைய பேச்சு. சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) படிப்பின் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் தேர்வை ப்ளஸ் டூவில் எந்த குரூப் படித்தவரும் எழுதலாம். ஆனால் கணக்குப் பதிவியல் படித்து வந்தவருக்குப் பாதி பயம் போயிருக்கும். ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கும் குரூப் தடையில்லை. கையால் வேலை செய்வதில் ஆர்வமுள்ளவர் பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ முடித்து, பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர வழி இருக்கிறது.

பலருக்குத் தெரியாமல் நடக்கும் தவறு ஒன்று உண்டு. அரசுப் பள்ளியில் பத்து வரை படித்த பிள்ளையை, "கோச்சிங் நன்றாக இருக்கும்" என்று ப்ளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளியில் சேர்ப்பது. மருத்துவத்திலும் பொறியியலிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உள்ள 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கடைசி இரண்டு வருடத்தில் அது கைநழுவிவிடும். டி.சி. வாங்கும் முன் இதை யோசியுங்கள்.

சரி, தவறான குரூப்பை எடுத்தாகிவிட்டதா? முதல் சில வாரங்களிலேயே தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசுங்கள். காலாண்டுத் தேர்வு வரை இழுத்தால், மாற்றம் கிடைத்தாலும் விட்டுப்போன பாடங்களைப் பிடிப்பது பெரும்பாடு.