மாத்திரை கேட்காத மனச்சோர்வா? குமரிக்காரர்கள் அடுத்து செய்ய வேண்டியது

இரண்டு வகை மாத்திரைகளை, ஒவ்வொன்றையும் சரியான அளவில் ஆறு வாரமாவது சாப்பிட்டும் துளி குறையவில்லை என்றால் தப்பு உங்கள் மேல் இல்லை, டாக்டரிடம் "அடுத்து என்ன?" என்று நேராகக் கேளுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு நோட்டு போடுங்கள். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதியிலிருந்து எதுவரை. நான் அம்மாவின் காலி அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டு பிஸ்கட் டின்னோடு கொண்டுபோனேன், அதைப் பார்த்த பிறகுதான் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கையில் காசு இல்லையா, ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தொடங்குங்கள். மூளைக்குக் கொஞ்ச நேரம் மின்சாரம் கொடுக்கிற மின் அதிர்வு சிகிச்சை (ECT) பற்றி விசாரியுங்கள். சினிமாவில் காட்டுகிற மாதிரி இல்லை. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் கொடுக்கவே கூடாது என்கிறது 2017 மனநலச் சட்டம். கெட்டமின் என்கிற மருந்து, மூளையைக் காந்தத்தால் தூண்டுகிற சிகிச்சை எல்லாம் பெரும்பாலும் பெருநகரத் தனியார் சமாச்சாரம். காந்தத்துக்கு வாரம் ஐந்து நாள் வீதம் நாலு முதல் ஆறு வாரம் போக வேண்டும், குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர் கூலியை விட்டுவிட்டு எப்படிப் போவார்?

காப்பீடு இருந்தால் விடாதீர்கள், உடல்நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் தர வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்.

சாகலாம் என்று தோன்றினால் மட்டும் எதற்கும் காத்திருக்காதீர்கள், அரசின் மனநல உதவி எண் டெலிமனஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள், ராத்திரியிலும் எடுப்பார்கள், காசு கிடையாது.